புளியம்பலகைக்குள் ஓர் ஆணி

அகலப் பலகையை மட்டமாகச் சீவும் மிஷின் வாங்க ராஜபாளையம் போயிருந்தேன். தேவதானத்தில் எங்கள் வீட்டுப் புளியமரத்தை அறுத்த பலகையைத்தான் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தேன். பிளேடு கிறீச்சிட்டது. கருகிய வாசனை எழுந்தது.

"அண்ணாச்சி, உள்ள ஆணி கெடக்கு. எந்தப் பாவி அடிச்சானோ!" என்றார் கடைக்காரர்.

அந்த ஆணியை நான் மறந்தே போயிருந்தேன். மாமாவைக் கட்டமாட்டேன் என்ற அக்காவுக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொல்லி, அவள் முடியை ஆணியில் சுற்றி மரத்தில் அறைந்தார் கோடாங்கி. "வலிக்குப்பா" என்று கதறினாள். "பேசுறது அவ இல்லலே, பேயி" என்றார் அப்பா. ஆணியை எடுத்துக் கொடுத்தவன் நான். அந்த மாதமே அக்கா மாமாவுக்குக் கழுத்தை நீட்டினாள்.

கடைக்காரர் ஆணியைப் பிடுங்கினார். அந்த இடம் கறுத்திருந்தது.

"எந்த மிஷின் எடுக்கீக?"

"தடம் தெரியாமச் சீவுறது எதுவோ, அதக் குடுங்க."