வாசலில் இல்லாத செருப்பு

செஞ்சிக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் ராஜகிரி உச்சியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நான் உச்சிக்கு ஏறவில்லை. கீழே ஓர் அறையில் ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டிருந்தேன். அதை எழுத இத்தனை வருடம் எனக்குத் தைரியம் வரவில்லை.

1964, பொங்கல் கழிந்து ஒரு வாரம், வியாழக்கிழமை. கடலூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திர ஆசிரியையாக இருந்தேன். துறைமுகத்தின் பழங்கதையைச் சொல்ல ஒரு சின்னக் காட்சி அறை அமைக்கும் பொறுப்பைத் தலைமையாசிரியை என் தலையில் கட்டியிருந்தார். துருப்பிடித்த நங்கூரம், பழைய காசு, பீங்கான் சில்லு எல்லாம் சேர்ந்துவிட்டன. எப்படி அடுக்குவது என்றுதான் தெரியவில்லை. செஞ்சிக் கோட்டையில் பழம்பொருள்களை ஒரு களஞ்சியத்தில் வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவரே சொன்னார். (இப்போது போகிறவர்கள் அந்த அறையைத் தேட வேண்டாம். பொருள்கள் இடம் மாறி வெகுகாலமாகிவிட்டது.)

காலை ஆறு மணிக்குக் கடலூரில் பஸ் ஏறினோம், நானும் என் கணவரும். விழுப்புரம் இருபத்தெட்டு மைல். அங்கே மாறி, செஞ்சிக்கு இன்னும் இருபத்துநாலு மைல். பத்தேகாலுக்கு இறங்கினோம். அங்கிருந்து கோட்டைக்கு ஒன்றரை மைல், குதிரை வண்டிக்கு எட்டணா. வண்டிக்காரர் சாட்டையால் மலையடிவாரத்தைக் காட்டினார்.

"அங்க ஒரு பெரிய பாறை இருக்குதுமா. அது மேல ஒரு பள்ளம். கைதிய அதுல எறக்கி வுட்டுடுவாங்களாம். சோறு கெடயாது, தண்ணி கெடயாது. கத்துனாலும் யாருக்கும் கேக்காது."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் இன்னா, அவ்ளோதான்."

இதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

கோட்டைக்குள்ளே கல்யாண மகால் என்ற பழைய மாளிகையின் நிழலில் புளிச்சோற்றைச் சாப்பிட்டு முடித்ததும் எங்களுக்குள் சண்டை வந்தது. அவருக்கு உச்சியைப் பார்த்தே ஆகவேண்டும். எண்ணூறு அடி உயரம், மேலே ஒரு பிளவைப் பலகைப் பாலத்தில் கடக்க வேண்டும் என்று கேட்டபோதே எனக்குத் தலை சுற்றியது. "நாலரைக்கு வந்துடுறேன்" என்றார். அவருடைய நாலரை எனக்குத் தெரியும். "அஞ்சு மணிக்கு மேல காத்திருக்க மாட்டேன். நான் பாட்டுக்கு பஸ்ஸ புடிச்சு ஊருக்குப் போயிடுவேன்" என்று சொல்லி அனுப்பினேன். விழுப்புரத்துக்குக் கடைசி பஸ் ஆறேமுக்காலுக்கு.

நாலு மணிக்குப் பழம்பொருள் அறைக்குப் போனேன். காவலர் ஐம்பது வயதுள்ள ஒரு பாய். வாசலில் இரண்டு மூன்று ஜோடி செருப்பு கிடந்தது.

"செருப்ப வெளிய வுட்டுட்டுப் போம்மா. உள்ள அம்மன் சிலைங்க இருக்குது. தலை இல்லன்னாலும் சாமி சாமிதான்" என்றார். சொல்லிவிட்டுத் தொழுகைக்காகக் குளத்துப் பக்கம் நடந்தார்.

இங்கே என் புத்தியைச் சொல்லவேண்டும். நான் கோயிலுக்குப் போனால் பாதி மனசு சாமி மேல், பாதி மனசு செருப்பு மேல். அதற்கு முன் இரண்டு ஜோடி பறிகொடுத்தவள். இதுவோ பொங்கலுக்கு அவர் வாங்கித் தந்த புதுத் தோல் செருப்பு. பாய் முதுகைக் காட்டியதும் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அறைகள். பீரங்கிக் குண்டுகள், உடைந்த சிலைகள், துருவேறிய வாள்கள். மூன்றாவது அறையில் குந்தி உட்கார்ந்து, எந்தப் பொருளுக்கு எப்படிச் சீட்டு எழுதியிருக்கிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் போனதைக் கவனிக்கவில்லை. எதையோ பலமாகச் சாத்திய சத்தம் கேட்டது. காற்று என்று நினைத்தேன். எழுத வெளிச்சம் போதாமல் போனபோதுதான் எழுந்து வந்து பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது. கைக்கடிகாரத்தில் மணி நாலு ஐம்பது.

தட்டினேன், கத்தினேன். அந்தக் காலத்துச் சுவர். என் குரல் மூன்று அறைக்கும் போய் என்னிடமே திரும்பி வந்தது. மேலே வௌவால்கள் கலைந்து பறந்தன. உயரத்தில் இருந்த காற்றுத் துளைகள் என் கை நுழையும் அளவுதான்.

நாளைக்குக் காலையில் திறப்பார்கள் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். பிறகு நோட்டின் முதல் பக்கம் ஞாபகம் வந்தது. வாசல் பலகையைப் பார்த்து நானே எழுதி வைத்திருந்தேன்: வெள்ளி விடுமுறை. அப்படியானால் சனிக்கிழமைதான். பையில் தண்ணீர் இல்லை. கீழே வந்து என்னைக் காணாவிட்டால் அவர் தேடவும் மாட்டார், சொன்னபடி பஸ் ஏறிவிட்டாள் என்று அவரும் கடைசி பஸ்ஸில் போய்விடுவார். என் வாயே எனக்கு எமனாகிவிட்டது. வண்டிக்காரர் சொன்ன பள்ளம் கண்ணுக்குள் வந்து நின்றது. வெட்கமில்லாமல் அழுதேன்.

ஐந்தரை மணிக்கு, கைக்குட்டையைத் தேடிப் பைக்குள் கைவிட்டபோது செய்தித்தாள் தட்டுப்பட்டது. அப்போதுதான் உறைத்தது. வாசலில் செருப்பு இல்லை, அதனால் உள்ளே ஆள் இல்லை. பாய் அப்படித்தான் கணக்குப் பண்ணியிருப்பார்.

கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி. இடது செருப்பை வெளியே தள்ளினேன். யாராவது பார்த்தால் போதும். காதைக் கதவில் வைத்துக் காத்திருந்தேன். சிறிது நேரத்தில் சரசரவென்று சத்தம். "யாருங்க? உள்ள ஆள் இருக்கேங்க" என்றேன். நகம் கல்லில் கீறியது, மூச்சு வாங்கியது. நாய். செருப்பு தரையில் இழுபட்டுத் தூரம் போவது கேட்டது.

மிச்சம் ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டால் நான் உள்ளே இருப்பதற்கு வெளியே அடையாளமே கிடையாது. சடையில் கட்டியிருந்த கறுப்பு ரிப்பனை அவிழ்த்துச் செருப்பின் வாரில் முடிந்து, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு வெளியே தள்ளினேன். அறை முழுக்க இருட்டிவிட்டது. முதுகுக்குப் பின்னால் அந்தத் தலையில்லாத அம்மன்கள் நிற்பதை நினைத்துத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஆறேகால் இருக்கும், ரிப்பன் இழுபட்டது. நான் இழுத்தேன். மறுபடி வெளியிலிருந்து இழுப்பு, முன்னைவிட பலமாக. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சீ, போ நாயே" என்று கத்தினேன்.

"விடுடி, நான்தான்" என்றது என் கணவரின் குரல்.

நடந்தது இதுதான். ஐந்தரைக்கு மேல் அவர் இறங்கி வந்திருக்கிறார். நான் கோபித்துக்கொண்டு போய்விட்டதாகவே நினைத்து வேகமாகப் பெரிய வாசலைத் தாண்டும்போது, ஒரு நாய் எதையோ கவ்விக்கொண்டு குறுக்கே ஓடியது. அது அவர் தேர்ந்தெடுத்து வாங்கிய செருப்பு. மலைக்குப் போனவர்கள் எல்லாரும் இறங்கட்டும் என்று வாசலில் காத்திருந்த பாயிடம் ஓடிக் கேட்டிருக்கிறார். "அவங்க அப்பவே போயிட்டாங்களே. வாசல்ல செருப்பு இல்லியே" என்றாராம் பாய். "அவ என்னிக்கு பாய் செருப்ப வாசல்ல விட்டா?" என்றிருக்கிறார் இவர்.

பாய் பூட்டைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் படியில் உட்கார்ந்துவிட்டார். "இத்தினி வருசமா செருப்பப் பாத்துதாம்மா பூட்டுறேன். நாளைக்கு நான் வரவே மாட்டனே" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. தப்பில் பாதி என் பைக்குள் இருந்தது. கடைசி பஸ்ஸை வெறுங்காலோடு பிடித்தேன்.

செஞ்சிக்குப் போகிறவர்களுக்கு: மலை ஏறுவதானால் காலையிலேயே ஏறுங்கள். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். கூட வருபவரோடு சண்டை போட்டாலும், எங்கே காத்திருப்பேன் என்பதை மட்டும் ஒழுங்காகச் சொல்லிவிடுங்கள். செருப்பு போனால் போகட்டும், வாசலிலேயே விடுங்கள்.

அந்த வருடமே எங்கள் துறைமுகக் காட்சி அறையைத் திறந்தோம். ஒரே அறை, நாலு மேசை. கதவிலிருந்து பார்த்தாலே மூலைமுடுக்கெல்லாம் தெரியும். ஓய்வு பெறும்வரை மாலையில் நானே பூட்டினேன். ஒவ்வொரு நாளும் உள்ளே போய், மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்து, "யாராவது இருக்கீங்களா?" என்று மூன்று தடவை கேட்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, சத்தம் அடங்கியபின் இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் பூட்டைத் தொடுவேன்.