மாடி அறையில் கம்பைலர் திருத்தியவர்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டாலும் பழுகாமத்தில் சொந்தமாக அரிசி மில் போட்டவன் நான். நின்றுபோன எந்த இயந்திரமும் என் கை பட்டால் ஓடும். வாவியைப் பார்த்த என் மாடி அறையில் குடியிருந்த அந்த மெலிந்த மனிதரிடம்தான் என் கெட்டித்தனம் எடுபடவில்லை.

அவர் கம்பைலர் திருத்துபவர். நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றுவது அது. நிரலுக்குள் ‘வகுப்பு’ என்று பூட்டிய அறைகள் போலச் சில உண்டாம்; ஒரே அச்சில் வார்த்த அவற்றில், ‘நண்பர்’ என்று அறிவிக்கப்பட்ட நிரலை மட்டுமே அது உள்ளே விடவேண்டும். மற்றவற்றையும் விட்டுவிடுகிறது என்றார். அதைத் திருத்தவே ஒரு வருடம் போனது. திருத்தியது சரியா என்று கணினியில் சோதனை ஓடும்போதெல்லாம் இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்திருப்பார்.

பிழை இருந்தால் திரையில் சிவப்பு வரும்; ஒரு காலை திரை முழுக்கப் பச்சையாக இருந்தது.

“சரி வந்திட்டா மனே?” என்றேன்.

“மற்றச் சோதனையெல்லாம் சரி ஐயா. ஆனா நான் திருத்தினதை எடுத்துப்போட்டன். பிழை திரும்ப வந்திட்டு.”

“ஏன் எடுத்தீங்க?”

“அந்தப் பிழையை நம்பித்தான் கனபேர் எழுதி வெச்சிருக்காங்களாம். திருத்தினா அவங்கட வேலை நிண்டுபோகுமாம். மேலிடத்தில வேணாம் எண்டுட்டாங்க.”

“அப்ப உங்கட ஒரு வருச உழைப்பு?”

அவர் சோதனையை மறுபடி ஓடவிட்டுக் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் மில்லுக்குப் போய் மதியம் திரும்பினேன். சோதனை எப்போதோ முடிந்திருந்தது. அவர் கைகள் இன்னும் தொடைக்கு அடியில்தான் இருந்தன.