ரொட்டி அடுப்பின் மேல் துரையின் டைரி

கோடைக்கானல் மலையில் செண்பகனூருக்குக் கீழே ஒரு சின்னக் கத்தோலிக்க மடம். அங்கே நூலகத்தில் ஞானமுத்து பதினான்கு வருஷம் வேலை பார்த்தார். எத்தனை புத்தகம் படித்தார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமல் விட்டதே மரியாதை.

அவர் பொறுப்பில் இருந்தது ஒரே ஒரு டைரி. வெள்ளகவிப் பாதையில் நடந்தே மலையேறிய ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரை நூற்று முப்பது வருஷத்துக்கு முன் எழுதியது. பாதி அட்டைக்கடி, மீதி ரொட்டி கிடைக்காத புலம்பல் என்பார்கள் படித்த சாமியார்கள்.

1983 ஐப்பசியில் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. ஆவணப் பாதுகாப்பு அதிகாரி வருகிறார். டைரியில் பூஞ்சை இருந்தால் கையோடு கொண்டுபோய்விடுவார்.

"டைரி போயிட்டா உனக்கு இங்க என்னப்பா சோலி? பன்னிப் பண்ணையில ஆள் பத்தலை" என்றார் பெரிய சாமியார், ஆறுதல் சொல்லும் குரலில்.

ஞானமுத்துவுக்குப் பன்றிமேல் விரோதம் கிடையாது, அது இலையில் இருக்கும்வரை.

கோடைக்கானல் மூடுபனிக்குப் பூட்டு ஒரு பொருட்டல்ல. நமுத்த தீப்பெட்டி, காயாத காலுறை எல்லாம் மடத்துப் பேக்கரி அடுப்பின் மேலுள்ள பலகைக்குத்தான் போகும். துரையின் டைரியும் மழைக்கு மழை அங்கேதான் போயிற்று, பிஸ்கட் டின்னுக்குள். நூலகத்துக் கண்ணாடி அலமாரியில் அதே நிற அட்டையில் ஒரு செபப் புத்தகம் காவல் இருந்தது.

அதிகாரி தண்டாயுதபாணி சொன்ன தேதிக்கு ஒருநாள் முன்னாலேயே வந்து நின்றார். ஈரப்பதம் பார்க்கும் கருவியை நூலகத்தில் வைத்தார்.

"தொண்ணூத்திரெண்டு. இதுல ஊறுகாகூடத் தாங்காதே" என்றபடி அலமாரியைத் திறந்தார். "துரை தமிழ்ல செபம் வேற எழுதியிருக்காரா?"

ஞானமுத்து அவரைப் பேக்கரிக்கு நடத்திப் போனார். அங்கே அடுப்பைக் கவனிப்பது ஞானமுத்துவின் அண்ணன் மனைவி ஜோசப்பின்.

"என்ன கொழுந்தனாரே, இவ்வளவு வெரசா வந்துட்டீங்க? துரை இன்னும் பொன்னிறமாகலையே."

"மதினி, வாயை மூடிக்கிட்டு டின்னை எடுங்க."

அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பூஞ்சை இல்லை, பூச்சி இல்லை. முகர்ந்து பார்த்தார். பிறகு ஒரு பன் கேட்டு வாங்கித் தின்றுகொண்டே அறிக்கை எழுதினார்: டைரி மலையிலேயே இருக்கலாம், ஆனால் நூலகத்துக்குத் திரும்பக் கூடாது.

பெரிய சாமியார் அதை இரண்டு தடவை படித்தார். "டைரி எங்கயோ நீயும் அங்கதான்."

மறுநாள் வெள்ளனே ஜோசப்பின் ஒரு மூட்டை மைதாவைக் கொழுந்தனார்முன் தள்ளினாள். "துரையைப் பாத்துக்கிட்டே பிசைங்க."

ஓய்வு பெறும்வரை, என்ன வேலை என்று யார் கேட்டாலும் ஆவணப் பாதுகாப்பு என்றுதான் ஞானமுத்து சொன்னார், முழங்கைவரை மாவோடு.