காற்றில் தண்ணீர் விற்க கோவில்பதாகையிலிருந்து செம்பரம்பாக்கம் வரை

இந்தப் பக்கத்தில் இதுவரை மலை, அருவி, கோயில் என்றுதான் எழுதியிருக்கிறேன். அம்பத்தூரில் குடியிருந்துகொண்டு ஆவடிக்குப் போனதை எல்லாம் பயணக் கட்டுரையாக எழுதுவதா என்று என் வீட்டுக்காரரே சிரித்தார். சிரிக்கட்டும். போன வாரம் புதன்கிழமை நான் போன முப்பது சொச்சம் கிலோமீட்டரில் கொல்லிமலையைவிட வளைவுகள் அதிகம். தவிர, காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் இயந்திரத்தை நேரில் பார்க்க எங்கே போக வேண்டும் என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். உங்களுக்கும் இது உதவும்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் இருந்தேன். கம்பெனி ஒரகடத்துக்கு மாறியது, நான் மாறவில்லை. இப்போது சூரிய ஒளியில் இயங்கி, காற்றின் ஈரத்தைக் குடிநீராக்கும் பலகைகளை விற்கிறேன். நாலடிக்கு எட்டடி இருக்கும். பார்க்க, யாரோ வாசற்கதவைக் கழற்றி மொட்டை மாடியில் சாய்த்து வைத்த மாதிரி இருக்கும். விசிறி காற்றை உள்ளே இழுக்கும், உள்ளே இருக்கும் பொருள் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், வெயில் சூட்டில் அது நீராகிக் கீழே தொட்டியில் இறங்கும். ஒரு நாளைக்கு நாலு லிட்டர். கரண்டும் வேண்டாம், குழாயும் வேண்டாம். விலை ஒரு நல்ல ஸ்கூட்டர் விலை. அதனால்தான் மூன்று மாதத்தில் ஒன்றே ஒன்று விற்றிருந்தேன்.

அந்த ஒன்றுதான் நின்றுபோயிருந்தது. கோவில்பதாகை சுடலைமுத்து அண்ணாச்சி வீட்டில் ஐந்து நாளாக ஒரு சொட்டு இறங்கவில்லை. போனில் எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். நிழல் விழுகிறதா? இல்லை. கண்ணாடியில் தூசியா? தினமும் துடைக்கிறார். அவர் புகார் ஏரியா மேனேஜர் வரை போய்விட்டது. டீலர் தவறு என்று ஒரு புகார் முடிந்தால் மேற்குப் பகுதியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று மேனேஜர் முன்பே சொல்லி வைத்திருந்தார். அதாவது ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மூன்றும் என் கையை விட்டுப் போகும், நான் ஒரகடத்துக்கு கம்பெனி பஸ் பிடிக்க வேண்டியதுதான். அந்தப் புதன்கிழமை மத்தியானம் பாரிவாக்கத்தில் ஒருவர் இயந்திரத்தைப் பற்றிக் கேட்க வரச் சொல்லியிருந்தார். ஓடாத இயந்திரத்தை வைத்துக்கொண்டு அவரிடம் என்ன பேசுவது என்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

காலை 7.52 ரயில். அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு டிக்கெட் ஐந்து ரூபாய், பயணம் கால் மணி நேரம். இந்தப் பக்கம் வருகிறவர்கள் எட்டரைக்கு முன் வந்துவிடுவது நல்லது, பிறகு எதிர்த்திசையில் வரும் கூட்டம் படிக்கட்டை அடைத்துவிடும். ஸ்டேஷனுக்கு வெளியே இரண்டு இட்லி, ஒரு வடை, நாற்பத்தைந்து ரூபாய். சாம்பார் பரவாயில்லை, சட்னியைத் தவிர்க்கலாம்.

கோவில்பதாகைக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய், மூன்று கிலோமீட்டர். டிரைவர் பன்னிரண்டு நிமிடம் உட்கார வைத்துவிட்டார்.

"கெளம்பலாமாண்ணா?" என்றேன்.

"இரு யக்கா, ரெண்டு பேர் வந்துகினு கீறாங்கோ. இன்னா அவசரம், ஊட்ல பாலு பொங்குதா?"

அந்த ரெண்டு பேரும் வந்த பிறகுதான் வண்டி கிளம்பியது.

அண்ணாச்சி பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். குவார்ட்டர்ஸில் முப்பது வருடம் இருந்துவிட்டு இங்கே வீடு கட்டியவர், ஆனாலும் பேச்சில் நெல்லை அப்படியே இருக்கிறது. அவர் மனைவி இசக்கியம்மாள் கதவைத் திறந்து, காபி கொடுத்து, எங்களோடு மாடிக்கு வந்தார்.

மாடியில் அண்ணாச்சி முதலில் காட்டியது இயந்திரத்தை அல்ல, கைப்பிடிச் சுவரை. பட்டறைப் பழக்கம், ஒவ்வொரு நாளும் எத்தனை லிட்டர் என்று சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார். நாலு, நாலு, மூன்றரை, நாலு. ஆயுத பூஜை அன்று ஒன்று. அதற்கப்புறம் வரிசையாகப் பூஜ்ஜியம்.

"பாத்தியளா? நான் ஒரு திருகாணியத் தொடல. வாரண்டி இருக்குல்லா. மெஷின்ல தான் கோளாறு" என்றார்.

நான் பலகையோரம் குனிந்து காது வைத்தேன். விசிறிச் சத்தம் இல்லை. நிமிர்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. பலகையின் மேல் பகுதியில் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்புப் பட்டை ஒன்று உண்டு. விசிறிக்கு மின்சாரம் கொடுக்கும் சோலார் செல் அது. அதன் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மூன்று பட்டை சந்தனம், காய்ந்து பாளம் பாளமாக. நடுவில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் குங்குமம். அண்ணாச்சி தினமும் கண்ணாடியைத் துடைத்தது உண்மைதான். பக்தியாகச் சந்தனத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றித் துடைத்திருக்கிறார். அந்த ஐந்து நாளில் ஒரு மழை பெய்திருந்தால் தானாகக் கழுவிக்கொண்டு போயிருக்கும், எனக்கு இந்தப் பயணமே இருந்திருக்காது.

விஷயத்தைச் சொன்னேன். அண்ணாச்சி நம்பவில்லை.

"நாப்பது வருசம் லேத்துக்குச் சந்தனம் பூசியிருக்கோம். ஒரு லேத்தாவது நின்னுருக்கா?"

"லேத்துக்கு வெயில் வேண்டாம் அண்ணாச்சி. இதுக்கு வேணும்."

இசக்கியக்கா ஈரத்துணி கொண்டுவந்து துடைத்தார். கடைசிப் பட்டை போனதும் ஒரு முனகல், பிறகு விர்ரென்று விசிறி சுற்றத் தொடங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணாச்சியின் முகம்தான் சிவந்தது. ஃபிட்டர் அல்லவா, இது தன் கண்ணில் படவில்லையே என்ற கோபம். அது மனைவி மேல் இறங்கியது.

"ஒன்னய யாரு அங்க பூசச் சொன்னா? அஞ்சு நாளா நான் மண்டையப் போட்டு உடைக்கேன். அறிவு வேண்டாம்?"

இசக்கியக்கா துணியைப் பிழிந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார்.

அந்தப் பார்வையில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. இயந்திரத்தைப் பொருத்திய அன்று, நான் போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தபோது, "எம்மா, ஆயுத பூஜைக்கு இதுக்குப் பொட்டு எங்க வைக்கணும்?" என்று கேட்டவர் அவர். "மேல கறுப்பா இருக்குல்ல, அங்க வைங்கக்கா, நெத்தி மாதிரி இருக்கும்" என்று கையைக் காட்டியவள் நான். சொல்லிவிட்டு மறந்தும் போனேன்.

அதே நேரத்தில் மேனேஜர் அழைத்தார். காரணம் தெரிந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். "கஸ்டமர் தப்புதானே? ஆப்ல அப்படியே போட்டு முடிச்சிடுங்க" என்றார். புகாரை முடிக்கும்போது கம்பெனி ஆப்பில் இரண்டு வரி வரும். ஒன்று வாடிக்கையாளரின் பயன்பாட்டுத் தவறு, மற்றது டீலரின் விளக்கத் தவறு. யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. அண்ணாச்சிக்கே அதுதான் நியாயம் என்று பட்டிருக்கும். எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அக்கா மேல தப்பில்ல அண்ணாச்சி. அங்க வைக்கச் சொன்னது நான்தான்" என்றேன். மேனேஜரிடமும் அதையே சொல்லி, இரண்டாவது வரியை அழுத்தினேன். அவர் "சாயங்காலம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். அண்ணாச்சி சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டு, "அத மொதல்லயே சொல்லப்படாதா" என்று மனைவியிடம் முனகினார். அவர் வழக்கத்தில் அது மன்னிப்பு என்று பிறகு தெரிந்தது.

தண்ணீர் இறங்குகிறதா என்று காத்திருந்து, பன்னிரண்டரைக்குத் தொட்டியைத் திறந்தால் ஒரு தம்ளர் தண்ணீர் சேர்ந்திருந்தது. நான் கிளம்பும்போது இசக்கியக்கா அதை ஒரு பாட்டிலில் ஊற்றி மூடினார். "அடுத்து எங்க போற?" என்றார். பாரிவாக்கம் என்றேன். "இரு, சேலைய மாத்திட்டு வாரேன்" என்று உள்ளே போய்விட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

ஆவடி பஸ் நிலையத்திலிருந்து பூந்தமல்லி வண்டி 1.25க்குக் கிடைத்தது. சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இடது பக்கம், வலது பக்கம் என்று அலையாமல் எங்கே கிடைத்தாலும் உட்காருங்கள், பருத்திப்பட்டு தாண்டும்வரை கூட்டம் தாங்காது. நாற்பது நிமிடத்தில் பாரிவாக்கம். ஒரு பக்கம் புது அடுக்குமாடிகள், இன்னொரு பக்கம் மாடுகள். நாங்கள் போனது மாடுகள் இருந்த பக்கம்.

வரச் சொல்லியிருந்த ஏகாம்பரம் அந்த ஊர்ப் பழைய விவசாயக் குடும்பம். நிலத்தில் பாதி மனையாகிவிட்டது, மீதியில் பத்து மாடும் வாடகைக்கு விட்ட ஒரு குடோனும் இருக்கின்றன. போர் தண்ணீர் உப்பு. மழை பெய்தால் பாதை சேறாகி கேன் வண்டி உள்ளே வராது, குடிக்கும் தண்ணீரை மெயின் ரோட்டிலிருந்து சுமக்க வேண்டும்.

"காத்துல தண்ணியா? நல்லா கீது மேடம் கதை. அந்தாண்ட அம்மாம் பெரிய ஏரி கீது, அத்த உட்டுட்டு காத்துல புடிக்கணுமா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இசக்கியக்கா முந்திக்கொண்டார்.

"ஏரி இருக்கது சரி. அந்தத் தண்ணி ஒங்க வீட்டுக் குழாய்ல வருதா?"

"அதான் இல்லியே. அது பட்டணத்துக்குப் பூடுது."

"அப்ப இதக் குடிச்சுப் பாருங்க."

பாட்டிலை நீட்டினார். ஏகாம்பரம் அண்ணாந்து குடித்தார், நாக்கைச் சுழற்றினார், இன்னொரு மடக்கு குடித்தார். பிறகு இசக்கியக்கா சந்தனக் கதை முழுவதையும் சொன்னார். அஞ்சு நாள் நின்றது, அண்ணாச்சி திட்டியது, நான் ஒத்துக்கொண்டது எல்லாம். விற்க வந்த இடத்தில் இயந்திரம் நின்ற கதையைச் சொல்கிறாரே என்று எனக்கு உள்ளே பதறியது. ஏகாம்பரமோ தொழுவம் அதிரச் சிரித்தார்.

"சரி மேடம், நீயே சொல்லு. இது இன்னா பண்ணாது?"

சொன்னேன். நாள் முழுக்க மேகம் மூடினால் பாதிதான் வரும். விருந்தாளி வந்தால் பத்தாது. மாட்டுக்குச் சுத்தமாகப் பத்தாது. வருடத்துக்கு ஒரு தடவை வடிகட்டி மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வீட்டுக்கு ஒன்று, குடோன் வாட்ச்மேனுக்கு ஒன்று என்று இரண்டு எழுதச் சொன்னார்.

மணி நாலு. அப்போதுதான் இசக்கியக்கா, இத்தனை வருடம் இங்கே இருந்தும் செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்ததில்லை என்றார். விடுவேனா. ஆட்டோக்காரர் இருநூற்றிருபது கேட்டு நூற்றெண்பதுக்கு வந்தார். மெட்ரோ தூண்கள், பூந்தமல்லி நெரிசல், நெடுஞ்சாலை லாரிகள் எல்லாம் தாண்டி முப்பத்தைந்து நிமிடம். அனுமதிக்கும் இடம் வரை போய் நின்றோம். தண்ணீர் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை இருந்தது. இசக்கியக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு மனசு நிறைந்து கிடந்தது, கைபேசி அடிக்கும்வரை. மேனேஜர்தான். "ரெண்டு ஆர்டர் வந்திருக்கு, பாத்தேன். இன்னும் மூணு மாசம் மேற்குப் பகுதிய நீங்களே பாருங்க" என்றார்.

நடைமுறை விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் செலவு மொத்தம் முந்நூற்று முப்பது ரூபாய்க்குள். ஏரிக்குப் போகிறவர்கள் ஐந்து மணிக்குமுன் போங்கள், தண்ணீரில் இறங்காதீர்கள், குடை கட்டாயம். இயந்திரம் வாங்க நினைப்பவர்கள் விற்பவரின் பேச்சைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிய வீட்டின் மாடிக்குப் போய், அங்கே வந்த தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். விற்கப் போகிறவர்கள், வீட்டுப் பெண்கள் கேள்வி கேட்கும்போது போனைக் கீழே வையுங்கள். பொட்டு வைக்கலாம், அலுமினியச் சட்டத்தில் மட்டும்.

திரும்பும்போது பூந்தமல்லியிலிருந்து ஆவடி வண்டியில் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. அவ்வளவு நேரம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"ஏங்க்கா, நான் சொல்லித்தான் அங்க பூசினீங்கன்னு அண்ணாச்சிகிட்ட ஏன் சொல்லல? சும்மா திட்டு வாங்கினீங்களே?"

"நீ சொல்லுதியான்னு பாத்தேன்" என்றார்.

"சொல்லாம இருந்திருந்தா?"

"மெஷினக் கழத்திக்கிட்டுப் போன்னுருப்பேன். தண்ணி வந்தாலுஞ் சரித்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்டார். காலையில் மாடியில், ஆப்பைத் திறந்ததும் என் விரல் முதலில் போனது முதல் வரிக்கு, வாடிக்கையாளரின் தவறு என்பதற்கு. அதன் மேல் வைத்துவிட்டுத்தான் எடுத்தேன். அப்போது இசக்கியக்கா ஈரத்துணியோடு என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் அதைப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை. ஆவடியில் இறங்கும்போது, "ஞாயித்துக்கெழம சாப்பிட வந்துரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.