அப்பா வெட்டிய புத்தகங்கள்

இன்று காலை பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவசரத்தில் மகளின் பையைத் தூக்கினேன். பை தரையிலேயே நின்றுவிட்டது. அதன் வார் மட்டும் என் கையோடு வந்தது. ஒரு கையில் வாரும் மறு கையில் இட்லி டப்பாவுமாக நான் நின்ற கோலத்தைப் பார்த்து வேன் டிரைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பையை இரண்டு கைகளாலும் அணைத்துத்தான் வேனில் ஏற்ற முடிந்தது.

கால அட்டவணை கதவில்தான் ஒட்டியிருக்கிறது. அன்றைய பாடங்களை மட்டும் எடுத்துப்போனால் என்ன என்று சாயங்காலம் அவளிடம் கேட்டேன்.

"எத எடுக்கச் சொல்லுவாங்கன்னே தெரியாதும்மா. இல்லன்னா நிக்க வெச்சிடுவாங்க."

இதைச் சொல்லிவிட்டு அவள் பாலில் பிஸ்கட் நனைக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. அப்படி நின்றவள் அல்லவா நான்? இத்தனை வருஷம் கழித்தும் அந்த வெட்கம் வரும்போது மைதா பசையின் வாசனையும் கூடவே வருகிறது. பசை எங்கே வந்தது என்று கேட்காதீர்கள், சொல்கிறேன்.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக ஓசூருக்கு வந்தவர். சிப்காட் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. பாகலூர் ரோட்டில் வரிசை வீடு. ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் கன்னடம், தண்ணீர்க் குழாயடியில் மட்டும் எல்லாம் கலந்து ஓடும். அப்பா ஷிப்ட் முடிந்து வந்தால் சட்டையில் மெஷின் ஆயில் வாசம் அடிக்கும். கம்பெனியை வாசலில் கழற்றி வைக்கத் தெரியாத மனிதர். உப்பு டப்பா இங்கே, செருப்பு அங்கே என்று கம்பெனித் தரையில் போடுவதுபோல வீட்டுக்குள்ளும் மஞ்சள் கோடு போடாத குறைதான். வேலையைச் சுலபமாக்க யோசனை எழுதிப்போட்டு அவர் பரிசாக வாங்கிய பிளாஸ்க் ஒன்று எங்கள் ஷோகேஸில் இருந்தது. அதில் ஒருநாளும் காபி ஊற்றியதில்லை. விருந்தாளிகள் வந்தால் அதைக் காட்டிவிட்டு டம்ளரில் காபி கொடுப்போம்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, எண்ணெய் தேய்த்துவிட்ட அம்மா என் தோளில் சிவப்பாகத் தடம் விழுந்திருப்பதைப் பார்த்து அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா வந்து விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏட்டி, இம்புட்டையுமா தெனமும் சொமக்க? எங்க லைன்ல ஒரு ஆம்பளைக்கிட்ட இதக் குடுத்தாலே கேள்வி கேப்பான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டீல் ஸ்கேலும் பிளேடுமாகத் தரையில் உட்கார்ந்தார். புத்தகங்களைப் பாடம் பாடமாக அறுக்க ஆரம்பித்தார். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு எங்களுடையது. அம்மா அலறிவிட்டாள்.

"சரஸ்வதியப் போயி வெட்டுதீங்களே!"

"லைனுக்கு அன்னன்னைக்கு வேண்டிய பார்ட்டுதான் வரணும். மிச்சம் ஸ்டோர்ல கெடக்கும். பிள்ளைக்கு வீடுதான் ஸ்டோரு" என்றார் அப்பா, தலை நிமிராமல்.

அட்டைப்பெட்டியைக் கத்தரித்து ஒவ்வொரு பாடத்துக்கும் மேலட்டை வைத்தார். கணக்குக்கு நீல டேப், அறிவியலுக்குப் பச்சை. மறுநாள் நான் பள்ளிக்கு நடக்கவில்லை, குதித்துக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்காரும் மஞ்சுளா தெலுங்கு வீட்டுப் பெண், காட்டோரத்துச் சானமாவுப் பக்கத்திலிருந்து வருபவள். காட்டிலிருந்து யானை இறங்கிவிட்டால் அவள் வரமாட்டாள். எங்களுக்கெல்லாம் ஒரே பொறாமையாக இருக்கும். அவளே என் பையைத் தூக்கிப் பார்த்து, "உங்க நாயனா எனக்கும் அறுத்துக் குடுப்பாரா?" என்று கேட்டாள். கொஞ்ச நாள் எனக்குத் தலை கால் புரியவில்லை.

அப்பாவின் கணக்கில் ஒன்றுதான் பிசகு. கம்பெனியில் வரிசை மாறாது. பள்ளிக்கூடத்தில் மாறும்.

எங்கள் பள்ளியில் நல்ல நிலையில் இருந்த ஒரே படம் எலும்புக்கூடு. அதனால் இன்ஸ்பெக்ஷன் என்றால் எலும்புப் பாடம்தான். வருஷத்தின் எந்த மாதமானாலும் சரி, அதிகாரி படியேறும்போது எலும்புக்கூடு சுவரில் ஏறிவிடும். அந்தப் பாடமோ புத்தகத்தின் கடைசியில் இருந்தது. அதாவது என் வீட்டு ஸ்டோரில். அதிகாரி எத்தனையோ பிள்ளைகளை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "நீ வாசிம்மா" என்றார். நான் செடிகொடிப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

டீச்சர் அதைப் பிடுங்கி எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினார். "என்னாம்மா இது, புக்கா? போண்டா கட்ற பேப்பரா?"

வகுப்பே சிரித்தது. மஞ்சுளாவும் சிரித்தாள். அன்று முழுக்க நான் உட்காரவில்லை.

பள்ளியில் வரச்சொன்னதால் மறுநாள் அப்பா கம்பெனிச் சட்டையோடு தலைமையாசிரியை அறைக்கு வந்தார். நான் ஓரமாக நின்றிருந்தேன்.

"விவரம் தெரிஞ்சவர் செய்யற வேலையா சார் இது?"

"பிள்ள தோள்ல தடம் விழுந்துட்டு மேடம். வரிசையாத்தான நடத்துவீங்கன்னு நெனச்சேன்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "எல்லாப் பிள்ளைங்களும்தான தூக்குது? உங்க பொண்ணுக்கு மட்டும் என்ன தனியா?"

மேனேஜரிடமே வாதாடுகிறவர் என்று பெயரெடுத்த அப்பா, "தப்புதான் மேடம்" என்றார். நான் அவருடைய கனத்த கம்பெனி ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் மாதிரி இவர் சும்மா இருந்திருக்கக் கூடாதா என்றும் இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா மைதா பசை காய்ச்சினாள். அப்பா ஒவ்வொரு துண்டாக ஒட்டினார். மேலட்டைகளைப் பிய்த்தால் தாளும் கூடவே கிழிந்ததால் அட்டையோடே ஒட்டவேண்டி வந்தது. காய்ந்தபோது புத்தகங்கள் உப்பி, மூடவே மாட்டேன் என்றன. பை முன்பிருந்ததைவிடக் கனத்தது. முழுப்பரீட்சை வரைக்கும் அதைத்தான் சுமந்தேன். அந்த வருஷ ஆயுத பூஜைக்கு அப்பா அந்தப் புத்தகங்களைப் பலகையில் அடுக்கி, ஒவ்வொன்றையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பல வருஷம் கழித்து அரசாங்கமே பாடப்புத்தகத்தைப் பருவத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தது. செய்தித்தாளில் அதை அப்பாவிடம் காட்டினேன். வாசித்தார், மடித்து வைத்தார். அவ்வளவுதான்.

இப்போது ஓய்வு பெற்று எங்களோடு இருக்கிறார். வார் அறுந்த கதையைக் கேட்டதும் கோணி ஊசியும் நைலான் நூலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரட்டைத் தையல் போட்டு, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"இனி எம்புட்டு வச்சாலும் தாங்கும்" என்றார்.

நான் பாதி விளையாட்டாகக் கேட்டேன். "புத்தகத்த வெட்டிரலாமாப்பா?"

அப்பா உள்ளே படித்துக்கொண்டிருந்த பேத்தியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சும்மா இருட்டி. பிள்ளைய நிக்க வச்சிருவாங்க."

வரிசை வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. பிளாஸ்க் எந்த வீடு மாறும்போது போனதோ தெரியாது. போகட்டும். பிளேடும் ஸ்கேலுமாகத் தரையில் உட்கார்ந்த அந்த மனிதரைத்தான் காணோம். மகளின் பள்ளியில் போய்க் கேட்க எனக்கும் வாய் வரவில்லை, நாளைக்கும் வராது. வெட்கமாக இருக்கிறது.

எல்லாப் புத்தகங்களையும் அடுக்கி, பையைத் தூக்கிப் பார்த்தேன். வார் நன்றாகத்தான் தாங்கியது.