ஈப்போ பக்கம் ஒரு தோட்டத்து வீடு

நிறைய நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இனியும் பேசாமல் இருந்தால் அதையே சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். "மலேசியாவில் ஓய்வுக்காலம், சொற்பச் செலவில் ராஜ வாழ்க்கை" என்று காணொளி போடுகிறவர்களில் ஒருவராவது அங்கே ஒரு மாதம் குடியிருந்து பார்த்ததாகத் தெரியவில்லை. நான் இருந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், ஏன் போனேன். எனக்கு ஐம்பத்து நான்கு வயது, தனிக்கட்டை, பொள்ளாச்சிப் பக்கம். தனியார் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் நடத்தினேன். எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் நாற்காலியில் தாளாளரின் மருமகன் உட்கார்ந்ததும் வேலையை விட்டேன். அதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் தோட்டம், தென்னையும் கிணறும் வீடுமாக, அண்ணன் பெயருக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று ஆரம்பித்தால் இது பயணக் கட்டுரையாக இருக்காது.

அப்போதுதான் இணையத்தில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. "தோட்டத்து வீடு, ஈப்போவிலிருந்து முப்பது கிலோமீட்டர், மாத வாடகை 450 ரிங்கிட்." படத்தில் அடர்ந்த மரங்கள், பின்னால் மலை. முன்பணம் கட்டிய கையோடு குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதினேன்: "மலேசியாவில் தோட்டம் பார்த்திருக்கிறேன்." அண்ணன் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் போட்டான். கிளம்புகிற வரைக்கும் அந்தக் கட்டைவிரல் என்னைத் தூங்கவிடவில்லை.

பிப்ரவரியில் போனேன். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து ஈப்போவுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம். கட்டணம் ஐம்பது ரிங்கிட்டை ஒட்டி வரும். ஒரு ரிங்கிட் நம் பணத்தில் இருபது ரூபாய்க்குச் சற்று மேல். வார இறுதியில் இடம் கிடைக்காது, முன்பதிவு செய்துவிடுங்கள்.

ஈப்போ நெருங்கும்போது மலைகள் தொடங்குகின்றன. மலை என்றால் எனக்கு ஆனைமலை. அது தூரத்திலேயே தெரியும், மெல்ல மெல்லப் பக்கத்தில் வரும். இவை அப்படியில்லை. தட்டையான தரையில் யாரோ நட்டுவைத்த மாதிரி செங்குத்தாக நிற்கின்றன. உடம்பெல்லாம் வெளுத்த சுண்ணாம்புப் பாறை, தலையில் காடு. ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்தால், ஒரு பெட்ரோல் பங்கின் பின்சுவர்போல ஒரு மலை. அதை அண்ணாந்துகூடப் பார்க்காமல் ஒருவர் வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வீட்டுக்காரர் ரோசலின் அக்கா, சேவியர் என்ற வாடகை வண்டிக்காரரை அனுப்பியிருந்தார். அறுபது ரிங்கிட்.

"ஊர்லேர்ந்து வாரீங்களா சார்?"

"எந்த ஊர்?"

"ஊருன்னா ஊருதான் லா. இந்தியா. சுத்திப் பாக்கவா?"

வேலையை விட்டுவிட்டேன், மிச்சக் காலத்தை இங்கே கழிக்க முடியுமா என்று பார்க்க வந்தேன் என்றேன். சேவியர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"வேலைய விட்டுட்டு, ஊர விட்டுட்டு, தோட்டத்துல குடியிருக்கவா? அப்ப தஞ்சோங் ரம்புத்தான் வழியாவே போலாம்ணே. ஒரு எட்டு காட்டிட்டுப் போயிருவோம்."

அந்த ஊரில்தான் பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறது என்பது அதன் பெயர்ப்பலகையைக் கடக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. சிரிப்பும் அதற்குப் பிறகுதான் வந்தது.

பெரிய சாலையை விட்டு இறங்கினால் வெகுதூரம் செம்பனை, அதாவது பாமாயில் மரம். அது முடிந்ததும் பால் வெட்டுவதை எப்போதோ நிறுத்திவிட்ட பழைய ரப்பர்க் காடு. ரப்பர் இலை உதிர்க்கும் பருவம் அது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. காடு முழுக்கச் சிவப்பு. செம்பு நிறத்திலும் குங்கும நிறத்திலும் இலைகள், அதற்குப் பின்னால் வெள்ளைப் பாறை. வண்டியை நிறுத்தச் சொன்னேன். காற்றே இல்லை. ஆனாலும் இலைகள் விழுந்துகொண்டேயிருந்தன, அந்தச் சத்தம் காதில் கேட்டது. சேவியர் எஞ்சினை அணைத்தார்.

அடுத்த வளைவில் வீடு. வீடு என்பதைவிட வரிசை என்று சொல்ல வேண்டும். ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி ஆறு வீடுகள். மூன்றாவது என்னுடையது. நான்காவதின் வாசலில் ரோசலின் அக்கா நின்றார். ஈப்போவில் மருத்துவமனை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"தோட்டம் எங்கே?" என்றேன்.

"இதுதான் தோட்டம்."

"இது தொழிலாளர் லயன் வீடு. நான் கேட்பது தோட்டம். கிணறு, தென்னை, வாழை..."

"ஐயோ சேவியரு, இவரு கெபுன் கேக்குறாரு லா!"

கெபுன் என்றால் மலாயில் காய்கனித் தோட்டமாம். சேவியர் விளக்கினார். "ஊர்ல தோட்டம்னா அப்படிப் போல. நமக்கு எஸ்டேட்டுதானேக்கா தோட்டம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. விளம்பரத்தில் ஏமாற்றிவிட்டீர்கள் என்றேன்.

"ஏமாத்துனேனா? போட்டோவுல மரம் இருந்துச்சு, மரம் இருக்கு. மலை இருந்துச்சு, மலை இருக்கு. கெணறு போட்டேனா? புடிக்கலன்னா சேவியரு வண்டியிலயே திரும்பிருங்க, முன்பணத்தக் குடுத்திர்றேன். தேத்தண்ணி மட்டும் குடிச்சிட்டுப் போங்க."

திரும்புவது என்றால் எங்கே திரும்புவது? குழுவில் எழுதியாயிற்று. உட்கார்ந்தேன்.

"ஊர்ல நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டார் அக்கா.

"எனக்குத் தோட்டமே இல்லை. அண்ணன் எடுத்துக்கொண்டான்."

"தோட்டத்த எப்படி எடுக்க முடியும்? அவரு தொரையா?"

"இல்லை."

"கம்பெனியா?" இது சேவியர்.

"கூடப் பிறந்த அண்ணன். பத்திரம் அவன் பெயரில் இருக்கிறது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகுதான் புரிந்தது. வெள்ளைக்காரத் துரையிடமிருந்து கம்பெனி, அந்தக் கம்பெனியிடமிருந்து வேறு கம்பெனி என்று இந்த மரங்கள் எத்தனையோ கை மாறியிருக்கின்றன. விற்றபோது சண்டை போட்டு இந்த ஒரு வரிசையை மட்டும் இவர்கள் வாங்கியிருக்கிறார்கள். ஒரு மரம்கூட இவர்களுடையது இல்லை. ஆனால் எந்தத் தோட்டம் என்று கேட்டால் பிறந்த இடத்தைச் சொல்வார்கள். நாம் ஊர் பெயரைச் சொல்கிற மாதிரி.

"நீங்க பொறந்தது எங்க, அங்கதான?" என்றார் அக்கா. "அப்ப அது ஒங்க தோட்டந்தான்."

"சட்டத்தில் அது நிற்காது," என்றேன்.

"சட்டத்துல எங்க கதையே நிக்காதுண்ணே," என்று சொல்லிவிட்டு சேவியர் இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

தங்கினேன். காலையில் கதவைத் திறந்தால் மலையின் இடுப்புவரை பனி. வெயில் ஏற ஏறப் பாறை மஞ்சளாகி, பிறகு வெளுக்கும். ஒருநாள்கூட அது பழகிப்போகவில்லை. மாதக் கடைசியில் மொட்டை மரங்களில் தளிர் விட்டது. ஐம்பத்து நான்கு வயதுக்கு மேல் வாய் பிளந்து நிற்க ஏதாவது மிச்சம் இருக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

இனி உபயோகமான விஷயங்கள். வாடகை, சாப்பாடு, வண்டி எல்லாம் சேர்த்து ஒற்றை ஆளுக்கு மாதம் 1,800 ரிங்கிட் ஆயிற்று. உள்ளே பேருந்து கிடையாது, சேவியர் போன்ற ஒருவர் தேவை. "பசியாறிட்டீங்களா?" என்றால் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று பொருள், பசியில்லை என்று சொல்லி என்னைப்போல் இட்லியை இழக்காதீர்கள். லூமுட் போய்ப் படகில் பங்கோர் தீவுக்கு ஒருநாள் போய்வரலாம். நான் போனபோது நம் கடவுச்சீட்டுக்கு விசா இல்லாமல் முப்பது நாள் தங்க அனுமதி இருந்தது; புறப்படுமுன் சரிபாருங்கள். நிரந்தரமாகத் தங்கும் திட்டத்துக்குக் கேட்கும் வைப்புத்தொகை என் போன்றவர்களுக்கு எட்டாது. காணொளிக்காரர்கள் இதைத்தான் சொல்வதில்லை. ஆகவே அங்கே குடியேற என்னால் முடியாது. அடுத்த பிப்ரவரிக்கு அதே மூன்றாவது வீட்டைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

திரும்பும்போது விமான நிலையத்தில் அண்ணனின் செய்தி வந்தது: "தோட்டம் எப்படி? படம் அனுப்பு." வரிசை வீடு தெரியாமல் வெட்டி ஒரு படம் தயார் செய்தேன், அனுப்பவில்லை. முழுப் படத்தையும் அனுப்பவில்லை. அவனை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன்மேல் நான் போட்ட வழக்கு நடக்கிறது, நடக்கும்.

இதன் கீழே பெயரை எழுதிவிட்டு அழித்தேன். இத்தனை வருடங்களாக நான் கையெழுத்திட்ட காகிதம் ஒவ்வொன்றும் அவனுக்கு எதிராகப் போட்டது. பெயர் போட்டால் இதையும் அவன் அப்படித்தான் படிப்பான், நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அந்தச் சிவப்பு இலைகளுக்கும் எங்கள் வழக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெயரில்லாமலே போடுகிறேன்.