மூதூர் லோஞ்சும் விராலடிப்பானும்

ஒரு கையைச் சுக்கானில் போட்டுவிட்டு, முகத்தை முழுதாக வானத்துக்குக் கொடுத்துவிடுவார் லாபிர். திருகோணமலையிலிருந்து மூதூருக்கு ஆளேற்றிப் போகும் லோஞ்சுப் படகு தன் பாட்டில் போய்க்கொண்டிருக்கும். எதிரே தோணி ஏதும் வந்தால், எஞ்சின் பார்க்கும் றொபேட் கீழேயிருந்து, "லாபிர் நானா, கீழ கடலும் இருக்கு" என்று ஞாபகப்படுத்துவார்.

மாரிக்குத் தூர வடதேசங்களிலிருந்து வந்திறங்கும் வேட்டைப் பறவைகளை எண்ணித் தருவதாகக் கொழும்பிலுள்ள ஒரு பறவைச் சங்கத்துக்கு லாபிர் வாக்குக் கொடுத்திருக்கிறார். சம்பளம் கிடையாது. ஒரு படத்தாள் மட்டும் அனுப்பினார்கள். அதற்குமுன் பறக்கிற எல்லாவற்றையும் பருந்து என்று சொல்லித் திரிந்த மனிதர், இப்போது செம்பருந்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. "அது நம்மட ஊர் ஆள். வருசம் முழுக்க இஞ்சதான் கிடக்கும். நான் எண்ணுறது விருந்தாளிகள" என்பார்.

முதல் வருடம் ஒரு பிசகு நேர்ந்தது. துறைமுகத்து மிதவையொன்றில் மீன் பிடிக்கும் விருந்தாளிப் பறவையான விராலடிப்பான் ஒன்று குந்தியிருந்தது. மூதூருக்குப் போகும்போது அதை எண்ணினார். திரும்பி வரும்போதும் எண்ணினார். நாள்தோறும் எண்ணினார். திருகோணமலையில் விராலடிப்பான்கள் காகங்களைப்போலப் பெருகிவிட்டன என்று கொழும்பிலிருந்து பெரியவர்கள் தொலைநோக்கிகளோடு ரயிலேறி வந்துவிட்டார்கள். வந்து பார்த்தால் ஒரே மிதவை, ஒரே பறவை. "அதுட நெத்தியில பேரா எழுதியிருக்கு?" என்று லாபிர் இன்றைக்கும் வாதாடுவார்.

இந்தக் கதை கடல் கடந்து மூதூருக்கும் போயிற்று. அங்கேதான் அவருடைய மகள் ஸல்ஹாவுக்கு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மாவுக்குச் சித்தி பரீதா என்று பேர். அவர், "பொண்ணுல ஒரு குறையுமில்ல. வாப்பாவுக்குத்தான் தலை சுகமில்லையாமே" என்று கேட்டாராம். கேட்டதோடு நில்லாமல், நேரில் பார்த்து முடிவு சொல்ல லோஞ்சேறி வரப்போவதாகவும் சொல்லியனுப்பினார்.

அன்று காலை மனைவி நஜ்முன் நிஸா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இண்டைக்கி மட்டும் நிமிராதீங்க. பிள்ளைட வாழ்க்க உங்கட கழுத்திலதான் இருக்கு" என்றாள். லாபிர் அந்தக் கழுத்தைச் சால்வையால் இறுகக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

மூதூரில் ஏறிய சித்தி பரீதா குடையை விரித்துக்கொண்டு அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தார். கடலைப் பார்க்கவில்லை, கழுத்தையே பார்த்தார்.

துறைமுகத்தை நெருங்கும்போது லோஞ்சின்மேல் ஒரு நிழல் ஓடியது. லாபிரின் கண்கள் சுக்கானை விட்டு அசையவில்லை. அப்பால் தண்ணீரில் தொப்பென்று ஒரு சத்தம். சனமெல்லாம் எழும்பிப் பார்த்தது. அவர் மட்டும் குனிந்திருந்தார். கண்ணில் நீர் முட்டியது. பெற்ற பிள்ளைக்காக ஒரு தகப்பன் எதைத்தான் தாங்கமாட்டான்?

"என்ன பறவை அது?" என்று கேட்டார் சித்தி பரீதா.

"தெரியாது" என்றார் லாபிர். வாழ்நாளில் அவர் சொன்ன மிகப் பெரிய பொய் அது.

"நான் சொல்லுறன்" என்றார் றொபேட். "செம்பருந்து."

இதைத்தான் அந்தத் தகப்பனால் தாங்க முடியவில்லை.

"செம்பருந்தா? சத்தம் கேட்டும் உனக்கு விளங்கல்லியா, றொபேட்? செம்பருந்து தண்ணிக்கு மேலால தட்டிக்கிட்டுப் போற ஆள். இது விராலடிப்பான், கால நீட்டிக்கிட்டு முழுசா உள்ளுக்குப் பாயும். பனி நாட்டில இருந்து ஒருத்தருட்டயும் வழி கேக்காம வந்திருக்கு. அதப் போய்…"

பேச்சு நின்றது. சால்வை அவிழ்ந்து மடியில் கிடந்தது. கழுத்து முழுதாக நிமிர்ந்திருந்தது.

றொபேட் எஞ்சினைத் தணித்தார். மிதவையின்மேல் அந்தப் பறவை ஈரச் சிறகை உதறிவிட்டு மீனைக் கிழிக்கத் தொடங்கியது. மகளின் கல்யாணமே அந்த நகங்களுக்கிடையில் கிடப்பதுபோல லாபிர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆணா பொண்ணா?" என்றார் சித்தி பரீதா.

"தெரியாது." இந்த முறை அது உண்மை.

"அப்ப இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டு போங்க, சம்மந்தி" என்று சொல்லி, பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்காதபடி தன் குடையை மடக்கினார் சித்தி பரீதா.